பழைய வண்டியும் புதிய வெட்கமும்

மீன்பிடித் தடைக்காலம் அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது என்பது அரசாணை. படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டுண்டு கிடந்தன. படகுத் தொழிலையே நம்பிய வீடுகளில் அந்த நாள்களில் உலை கொதிப்பது பெரும்பாலும் கடன் வாங்கிய அரிசியில்தான். அப்படியொரு மே மாத ஞாயிறு மாலையில் நம் பங்குப் பேரவை கூடியது. கோவில் ஓடு மாற்றுவது, மறைக்கல்வி வகுப்புக்கு விளக்குப் போடுவது ஆகியவற்றைப் பேசி முடித்தபின், பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார்.

"சாமிக்கு ஒரு புதுக் கார் வாங்க வேண்டும். தலைக்கட்டுக்கு இரண்டாயிரம். நானூறு தலைக்கட்டு இருக்கிறது. எட்டு இலட்சம் வந்துவிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாம் தட்டவில்லை. வேண்டாம் என்றோம். அவருக்கு மனம் நொந்துவிட்டது. "பக்கத்துப் பங்குச் சாமிமார் எல்லாம் எப்படி வந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் மட்டும் இந்தத் தகர டப்பாவுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறீர்கள். கையெல்லாம் கரி. பார்க்கிறவன் எங்களைத்தானே சாமி காறித் துப்புவான்?" என்றார்.

அன்பினால் சொன்ன சொல் அது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்பு தவறான திசையில் போகும்போது அதை நயமாகத் தட்டிவிட்டுச் சிரித்துப் போவது மேய்ப்பனுக்கு அழகன்று. அன்று கூட்டத்தில் இரண்டு வாக்கியங்களில் சொன்ன மறுமொழியை இங்கே விரித்து எழுதத் துணிகிறோம். அவருக்கு மட்டுமன்று, பழைய வண்டியை வாசலில் நிறுத்த நாணுகிற, ஸ்பேனரைத் தொட்டால் மானம் போய்விடும் என்று எண்ணுகிற நம் அனைவருக்குமாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தத் 'தகர டப்பா' எது என்று சொல்லிவிடுவோம். அது 1998-இல் பதிவான ஒரு மாருதி 800. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தை வாங்கியது. மூன்று சிலிண்டர்; 796 கன சென்டிமீட்டர் இஞ்சின்; பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்; குளிர்ந்த காலையில் இழுத்துவிட ஒரு சோக் குமிழ். கணினியும் இல்லை, திரையும் இல்லை. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இந்த முப்பது ஆண்டுகளில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. நம் நாட்டில் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் மழையில் நனையாமல் முதன்முதலாகப் பயணம் செய்தது இதில்தான். இன்று அதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களில் பலரும் தங்கள் திருமணத்தன்று இதில்தான் ஊர்வலம் வந்தார்கள் என்பதை அவர்களுடைய ஆல்பங்கள் சொல்லும்.

அன்றைய கூட்டத்தில் எழுந்த குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, இது அழகன்று. இரண்டு, இது மிச்சமன்று. மூன்று, இது பத்திரமன்று. ஒவ்வொன்றாகக் காண்போம். நான்காவதாக ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது கனமானது. அதைக் கடைசியில் நாமே சொல்லிக்கொள்வோம்.

அழகன்று என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். எது அழகன்று? வண்டி பழையதாயிருப்பதா, நாம் அதனடியில் படுத்திருப்பதா? துருவித் துருவிக் கேட்டபோது, இரண்டாவதே உறுத்துகிறது என்று தெரிந்தது. படித்தவன் கையை அழுக்காக்கக் கூடாது என்பது நம் சமூகத்தின் எழுதப்படாத சட்டம். எழுதுகோல் பிடிக்கும் கை மேல்; திருகாணி திருகும் கை கீழ். இந்த மேல் கீழ் எங்கிருந்து வந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தொழிலை வைத்து மனிதனைத் தரம் பிரித்த அதே பழைய நோய்தான் இது; இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுகிறது. நாற்பது வயது மெக்கானிக்கை இருபது வயது இளைஞன் 'ஏய், இங்கே வா' என்று கூப்பிடுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அவரோ அந்த இளைஞனின் உயிரைத் தாங்கப்போகிற பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

குருமடத்தில் நாம் மூன்றாண்டு மெய்யியலும் நான்காண்டு இறையியலும் பயின்றோம். திருச்சபை வரலாற்று வகுப்பில் மானிக்கேயம் என்னும் தவறான கொள்கையைப் பற்றிப் படித்தது நினைவிருக்கிறது. பொருளுலகம் தீமையின் வேலை என்பது அவர்கள் கோட்பாடு. அவர்களில் 'தேர்ந்தெடுக்கப்பட்டோர்' என்று ஒரு வகுப்பினர் இருந்தனர். அவர்கள் அறுவடை செய்யமாட்டார்கள், சமைக்கமாட்டார்கள். 'கேட்போர்' என்னும் கீழ்நிலையினர் விளைத்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்க, இவர்கள் தூய்மை கெடாமல் உண்பார்கள். புனித அகுஸ்தினார் மனம் திரும்புவதற்கு முன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்தக் கேட்போர் கூட்டத்தில் இருந்தவர். அந்தக் கொள்கை அழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. மானிக்கேயம் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. கை கழுவாமல் வேலை செய்கிறவன் ஒருவன், கை படாமல் அனுபவிக்கிறவன் வேறொருவன் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இடத்திலெல்லாம் அது உயிரோடிருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு மரபும் நமக்கு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்குநூலில், மடத்தின் கருவிகளையும் உடைமைகளையும் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று சொல்கிறார். கருவிகளுக்குப் பட்டியல் வைக்கச் சொல்கிறார். அவற்றை அழுக்காகவோ அசட்டையாகவோ வைத்திருக்கும் துறவியைக் கண்டிக்கச் சொல்கிறார். மண்வெட்டியும் இரசப் பாத்திரமும் ஒரே பார்வையில் பார்க்கப்படுகின்றன. அப்படியானால் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது?

நம் பங்கு மக்களுக்கு இதைச் சொல்ல ஆசீர்வாதப்பர் வரைக்கும் போகவே வேண்டியதில்லை. காலையில் கடற்கரைக்குப் போனால் போதும். படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்கள். ஒரு கண்ணி அறுந்ததற்காக முழு வலையைத் தூக்கி எறிகிற மீனவனை நாம் கண்டதில்லை. வள்ளத்தில் மாட்டும் இஞ்சினைக் கழற்றி, பாய் விரித்து, அதன்மேல் ஒவ்வொரு உறுப்பாக வரிசைப்படுத்தி, உப்பு போகத் துடைத்து மறுபடி பூட்டுகிறார்கள். யாரும் அதை இழிவென்று சொன்னதில்லை. அந்த மக்களே பங்குச் சாமியின் கையில் கிரீஸைக் கண்டதும் வெட்கப்படுகிறார்கள் என்றால், தங்கள் தொழிலைப் பற்றியே உள்ளூர என்ன நினைக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி, மிச்சமன்று என்னும் வாதம். 'பழைய வண்டி யானையைக் கட்டித் தீனி போடுவதைப் போல' என்றார் ஒருவர். யானைக்குத் தீனி போடுவது வண்டியா, நம் அறியாமையா என்று கேட்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஓடும்போது நன்றாயிருக்கும், நின்றதும் இஞ்சின் நடுங்கி அணைந்துவிடும். நகரத்தில் ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனோம். கண்ணாடி அறை, குளிர்காற்று, தேநீர். ஒரு மணி நேரம் கழித்து ஓர் இளைஞர் வந்து, "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் ஃபாதர், கூலியும் சேர்த்து ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவர் யார் என்று கேட்டோம். பதிலில்லை. திரும்பி வந்து, நம் ஊர்ச் சாலையோரத்தில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் காட்டினோம். அவர் இஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். "இதில் வெடிப்பு இருக்கிறது சாமி. இந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. காற்று கூடிவிட்டால் பெட்ரோல் பத்தாமல் போகும், அதனால்தான் அணைகிறது" என்றார். குழாயின் விலை நாற்பது ரூபாய். அவர் கூலி வாங்க மறுத்தார். நாம் வற்புறுத்திக் கொடுத்தோம்.

அந்த ஒன்பதாயிரத்துக்கும் நாற்பதுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் நம் கட்டுரையின் பொருள். அன்று நாம் மெக்கானிக் தம்பியிடம் சீடராகச் சேர்ந்தோம். வண்டியோடு வந்த பழைய கையேட்டைத் தேடி எடுத்து, குருமடத்துப் பாடநூலைப் படித்ததைவிடக் கருத்தாகப் படித்தோம். கற்றவற்றில் சிலவற்றை இங்கே தருவது பயன்படும்.

வாரம் ஒருமுறை, சமதரையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு இடையில் ஆயில் நிற்க வேண்டும். கூலண்ட் தொட்டியையும் பிரேக் ஆயில் தொட்டியையும் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதில் அவசரம் கூடவே கூடாது. டயரில் காற்று, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்கப்பட வேண்டும். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இஞ்சின் ஆயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுகிறோம். மூன்று பிளக்குகளையும் கழற்றிப் பார்க்கிறோம். பிளக் ஒரு சாட்சி, பொய் சொல்லாது. முனை இளம்பழுப்பு நிறமாயிருந்தால் இஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் எரிகிற அறைக்குள் கசிகிறது. வெளிறி வெண்மையாயிருந்தால் காற்று மிகுந்து சூடேறுகிறது. மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதைப் போன்றது இது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது உள்ளே ஆவி உண்டாகி, மிதி வெறுமையாய்க் கீழே போய்விடலாம். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். நம்மைப் போன்ற கடலோரத்தாருக்கு இன்னொரு பகை உப்புக்காற்று. கதவுகளின் அடிப்பகுதியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் நீர் தேங்கித் தகட்டை உள்ளிருந்தே தின்னும். ஒரு மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்திவிட்டு, வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரால் கழுவினால் வண்டியின் ஆயுள் ஆண்டுக்கணக்கில் நீளும்.

இவற்றை அறியவிடாமல் செய்வதில் சிலருக்கு இலாபம் உண்டு. நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச்சந்தையில் தாராளமாய்க் கிடைக்கவிடாமல், சாலையோரப் பட்டறைகளின் வயிற்றில் அடித்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. பின்னர் 2022 டிசம்பரில் நடுவண் அரசே 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பெயரில் ஓர் இணையதளம் தொடங்கியது. கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வேளாண் கருவிகளோடு வாகனங்களும் அதில் இடம்பெற்றன. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமைக்காக நாட்டில் ஒரு குழு அமைத்துப் பேச வேண்டியிருக்கிறது! உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. திறந்து பார்க்கும் துணிவு நமக்கு வந்ததா?

மூன்றாவது குற்றச்சாட்டு, பத்திரமன்று என்பது. இதில் உண்மை உண்டு. உண்மையை ஒப்புக்கொள்ளாமல் வாதாடுவது வக்கீலுக்குப் பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. நம் வண்டியில் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் ஏற்பாடும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளின் புகை, இதன் புகையைக் காட்டிலும் பன்மடங்கு தூய்மையானது. ஆகவே சில வரம்புகளை நாமே வகுத்துக்கொண்டோம். நெடுஞ்சாலையில் இதில் இரவுப்பயணம் இல்லை. ஆயர் இல்லத்துக்கும் தொலைதூரக் கூட்டங்களுக்கும் பேருந்தும் இரயிலும் உண்டு. சீட் பெல்ட் அணியாமல் வண்டி நகராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை தவறாது. ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. நம் கிளைப் பங்குகளைச் சுற்றிவர அது போதும். அப்படிக் கொஞ்சமே ஓடும் ஒன்றுக்காக, இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மின்சாரமும் செலவிட்டு இன்னொரு முழு வண்டியை உருவாக்கச் சொல்வது காற்றுக்கு நன்மையா என்று கணக்குப் பார்க்க வேண்டும். புது வண்டியின் தூய்மை அதன் புகைக்குழாயில் மட்டும் அளக்கப்படுவதன்று. அது பிறந்த ஆலையிலும் சேர்த்தே அளக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் சொல்வோம். எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்னும் ஆணவமும் வேண்டாம். டைமிங் பெல்ட், ஸ்டீயரிங், பிரேக் லைனிங் ஆகியவற்றுக்குக் கற்றவர் கையே வேண்டும். அவற்றை நாம் தொடுவதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது. பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே தலையை நீட்டுகிறோம். வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையிலோ கடற்கரை மணலிலோ ஊற்றுவது பாவம் என்று தயங்காமல் சொல்கிறோம். அதை மூடிய கேனில் சேர்த்து, உரிமம் பெற்றுச் சேகரிப்பவர்களிடம் கொடுக்கிறோம். பழைய பேட்டரியில் இருப்பது ஈயமும் அமிலமும். அது கடைக்காரரிடமே திரும்பிப் போக வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாசர்களும் அதற்காக வடிவமைக்கப்பட்டவையல்ல. ஆகவே அவற்றை அடிக்கடி தடவிப் பார்த்து, இளகியோ வெடித்தோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். கசிகிற பெட்ரோல் குழாய் நெருப்புக்கு அழைப்பு.

அரசும் பழைய வண்டிகளை விரும்பவில்லை. தனியார் கார் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025-இல், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. வண்டியின் நலத்தைச் சோதிப்பது நியாயம். அதன் பிறந்தநாளை மட்டும் பார்த்துத் தண்டிப்பது நியாயமா? நன்கு பேணப்பட்ட இருபத்தைந்து வயது வண்டியும் உண்டு. நாதியற்றுக் கிடக்கும் எட்டு வயது வண்டியும் உண்டு.

இப்போது அந்த நான்காவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம்.

2021 நவம்பர் மாதம். அடைமழை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. கிளைப் பங்கிலிருந்து ஒரு மகன் பேசினார். அவருடைய தாயார் சாகக் கிடக்கிறார். நோயில்பூசுதல் வேண்டும் என்று கேட்கிறார். நான்கு கிலோமீட்டர். புனித எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருகினோம். 'டக்' என்றொரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் 'டக்'. உபதேசியாரை எழுப்பி, இருவரும் தள்ளிப் பார்த்தோம். சேற்றில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மா இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. மகன் நம்மைக் கடிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "சாமி வந்தாச்சா, சாமி வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் வண்டியின் மூடியைத் திறந்தோம். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் குவிந்திருந்தது. மின்சாரம் கடக்க வழியில்லை. அதற்கு முன் மூன்று வாரமாகவே வண்டி காலையில் சோம்பிச் சோம்பித்தான் உயிர்பெற்றது. அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாம் கேட்கவில்லை. எதிர்முனையை முதலில் கழற்றி, கொதிநீர் ஊற்றிச் சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவினால் போதும். பத்து நிமிட வேலை.

பேரவையில் அன்று யாரும் இதை எடுத்துப் பேசவில்லை. ஆனால் எல்லோர் கண்ணிலும் அது இருந்தது. புது வண்டி இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு அருட்சாதனம் கிடைத்திருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். நாமும் எத்தனையோ இரவு அப்படி எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் அது உண்மையன்று. புது வண்டியிலும் பேட்டரி உண்டு; அதன் முனையிலும் உப்புப் பூக்கும்; அதைத் திறந்து பாராதவனை அதுவும் ஒரு நாள் கைவிடும். அன்று தவறியது வண்டியின் வயதினாலன்று, நம் அசட்டையினால். இதை ஒப்புக்கொள்ளாமல் எட்டு இலட்சத்துக்குப் புது வண்டி வாங்குவது, செய்த பாவத்தை அறிக்கையிடாமல் புதுச் சட்டை போட்டுக்கொள்வதைப் போன்றது. அந்த நாளுக்குப் பின்னரே நம் சனிக்கிழமைக் காலைகள் வண்டிக்கு உரியவையாயின. பேணுதல் என்பது பொருளின்மேல் வைக்கும் பற்று அன்று. அந்தப் பொருள் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்மேல் வைக்கும் அன்பு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013 ஜூலையில் குருமாணவர்களையும் நவதுறவியரையும் சந்தித்தபோது, புத்தம்புது மாதிரிக் காரில் போகும் குருவையோ துறவியையோ காண்பது தமக்கு வலிக்கிறது என்றார். பணிக்குக் கார் தேவைதான், எளியதாய் இருக்கட்டும் என்று அறிவுறுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியக் குரு ஒருவர், தாம் பல்லாண்டு ஓட்டிய 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 காரை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. திருத்தந்தை அதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். உலகத் திருச்சபையின் தலைவருக்கு இழிவாகப் படாதது ஒரு கடற்கரைப் பங்குச் சாமிக்கு இழிவாகிவிடுமா?

இது குருக்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. உங்கள் வீட்டில் ஸ்கூட்டர் இருக்கும். தையல் மிஷின் இருக்கும். தண்ணீர் மோட்டார் இருக்கும். அது முணுமுணுக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தவணையில் புதிது வாங்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. உங்கள் மகன் பொறியியல் படிக்கிறான். அவனுக்கு ஒரு பிளக்கைக் கழற்றத் தெரியுமா? மகளுக்குப் பஞ்சரான சக்கரத்தை மாற்றச் சொல்லிக்கொடுத்தீர்களா? ஆள்நடமாட்டமில்லாத சாலையில் வண்டி நின்றால், அவளைக் காப்பது அவள் கற்ற கைவேலையே. தவணை கட்டுவதற்காக இரண்டு வேலை பார்த்து, வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு வரும் தந்தையரை நமக்குத் தெரியும். அவர் பிள்ளைகள் அவரைவிட அவருடைய காரை அதிகம் பார்க்கிறார்கள். அது செல்வமா, அடிமைத்தனமா?

பேரவைத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கைவிடப்பட்டது. மனத்தாங்கல் சிறிது இருக்கத்தான் செய்கிறது; இரண்டு பேர் இன்னும் நம்மிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு மாறாக நாம் ஒன்று கேட்டோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பங்கு இல்ல முற்றத்துக்கு, விருப்பமுள்ள பிள்ளைகளை அனுப்புங்கள் என்றோம். புளியமரத்தடித் தம்பி வந்து சொல்லிக்கொடுக்க இசைந்தார். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். இப்போது பதினொருவர் வருகிறார்கள். அவர்களில் நால்வர் பெண்பிள்ளைகள். அவரை அவர்கள் 'சார்' என்று அழைக்கிறார்கள். முதன்முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது அவர் திரும்பிப் பார்த்தார், தமக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று எண்ணி.

நம் வண்டியின் பதிவு 2028 வரை செல்லும். அன்று சோதனையில் அது தேறாவிட்டால், முறையாகப் பிரித்தெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சைக்கிளில் திரும்புவோம். அதில் நமக்கு வருத்தமில்லை. எந்தப் பொருளும் சாவாமை பெற்றதன்று. ஆனால் அதுவரை, ஒவ்வொரு வாரமும் அந்தப் பேட்டரி முனையைத் திறந்து பார்ப்போம். மழை இரவில் யாரோ ஒரு தாய் கேட்டுக்கொண்டிருப்பார், "சாமி வந்தாச்சா?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். பதில் கையில் இருக்கிறது. கை கொஞ்சம் கறுக்கும், கறுக்கட்டும்.